ஆன்டெனா ட்யூனரும் இம்பிடன்ஸ் பொருத்தமும்: கடலூர், புதுவைக் கடலோர ஹாம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக அமெச்சூர் வானொலி (ஹாம்) உரிமம் பெற்று, டிரான்ஸீவர் (அலையை அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிக் கருவி) ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி முடித்தவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘எந்த ட்யூனர் வாங்கலாம்?’ என்பதாகவே இருக்கிறது. அதற்கு விடை சொல்வதற்கு முன், அந்த ட்யூனர் எந்த இடத்தில் இருக்கப் போகிறது, அதற்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே எந்த வகைக் கேபிள் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். ஒரே ட்யூனர், ஒரே கம்பி, ஒரே டிரான்ஸீவர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் நாடு முழுவதும் பேசுவதும், இன்னொருவர் பக்கத்து மாவட்டத்துக்கே எட்டாமல் போவதும் இந்த இரண்டு விவரங்களால்தான். எனவே இந்த வழிகாட்டி ட்யூனரின் குமிழ்களிலிருந்து தொடங்காமல், அளவீட்டிலிருந்து தொடங்கி, ஆன்டெனா, கேபிள் ஆகியவற்றைக் கடந்து குமிழ்களுக்கு வருகிறது. படிப்பவரிடம் உரிய உரிமம் இருக்கிறது என்பதும், அதில் அனுமதிக்கப்பட்ட மின்திறனுக்குள் அவர் இயங்குகிறார் என்பதும் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டவை.

ட்யூனர் உண்மையில் என்ன செய்கிறது

இன்றைய டிரான்ஸீவர்கள் அனைத்தும் 50 ஓம் சுமையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. ஆன்டெனாவும் கேபிளும் சேர்ந்து வேறு ஓர் இம்பிடன்ஸைக் (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடை) காட்டும்போது, அனுப்பிய திறனில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. பொருத்தம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவே எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்); 1 என்றால் முழுப் பொருத்தம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் 4 விழுக்காடும், 2 என்றால் 11 விழுக்காடும், 3 என்றால் 25 விழுக்காடும் திரும்பும். அவ்வாறு திரும்பும் திறன் இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர்களைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக டிரான்ஸீவரின் பாதுகாப்புச் சுற்று, எஸ்.டபிள்யூ.ஆர். 2 அல்லது 3 ஐத் தாண்டும்போது தானாகவே திறனைக் குறைத்துவிடுகிறது. ட்யூனர் என்பது காயில்களும் கண்டென்சர்களும் கொண்ட ஒரு பெட்டி. தன் வெளிப்புறத்தில் எந்த இம்பிடன்ஸ் இருந்தாலும் அதைத் தன் உட்புறத்தில் 50 ஓமாக மாற்றிக் காட்டுவதே அதன் வேலை. டிரான்ஸீவர் அதைக் கண்டு முழுத் திறனையும் தருகிறது.

ட்யூனருக்கு அப்பால் எதுவும் மாறுவதில்லை என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். டிரான்ஸீவருக்கு அருகிலேயே மேசை மேல் இருக்கும் ட்யூனர் 1:1 என்று காட்டினாலும், அதிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருக்கும். திரும்பி வரும் திறன் ட்யூனரில் மோதி மீண்டும் ஆன்டெனாவை நோக்கியே செல்கிறது என்பதால் அது அப்படியே வீணாகிவிடுவதில்லை; ஆனால் ஒவ்வொரு போக்குவரத்திலும் கேபிள் தன் பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. இழப்பு குறைந்த கேபிளில் அந்தப் பங்கு அற்பம். மெல்லிய கேபிளில் அதுவே பெரும்பங்கு.

எண்களில் இதைப் பார்ப்பது நல்லது. 7 மெகாஹெர்ட்ஸுக்காக வெட்டிய டைபோலை (நடுவில் கேபிள் இணைக்கும் இருகைக் கம்பி ஆன்டெனா) 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய சடையும் கொண்ட) கேபிளால் ஊட்டி, அதையே 14 மெகாஹெர்ட்ஸிலும் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது அலைவரிசையில் அந்தக் கம்பி நடுவில் ஊட்டப்பட்ட முழு அலைநீளமாகிவிடுவதால், ஊட்டுமுனையில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) இம்பிடன்ஸ் சில ஆயிரம் ஓம்களுக்கு ஏறிவிடும், எஸ்.டபிள்யூ.ஆர். 60 என்று கொள்வோம். பொருத்தமான சுமைக்கு 30 மீட்டர் ஆர்ஜி-58 அந்த அலைவெண்ணில் ஏறத்தாழ 1.6 டெசிபல் மட்டுமே இழக்கும், ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். 60 ஆக இருக்கும்போது மொத்த இழப்பு ஏறத்தாழ 11 டெசிபலாகிவிடுகிறது. அதாவது 100 வாட் அனுப்பினால் கம்பிக்குப் போய்ச் சேர்வது 8 வாட் மட்டுமே. மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. இதில் மேலும் ஏமாற்றுவது அறையில் இருக்கும் மீட்டர்: கேபிளின் இழப்பு திரும்பும் அலையையும் தேய்த்துவிடுவதால், மாடியில் 60 ஆக இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். அறையில் வெறும் 5 என்று தெரியும். தாராளமான ட்யூனர் ஒன்று அதை எளிதாக 1:1 ஆக்கிக் கொடுத்துவிடும். இயக்குபவரும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு, யாரும் பதில் சொல்லவில்லையே என்று வானிலையைக் குறை கூறுவார்.

முதல் படி: அளவீடு

அளவிடுவதற்கு முன், கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் 50 ஓம் மின்தடை) வேண்டும். 1000 ஓம், 2 வாட் கார்பன் அல்லது மெட்டல் ஆக்சைடு மின்தடைகள் 20 ஐ இணையாகச் சேர்த்தால் 50 ஓம் கிடைக்கும். அது 40 வாட்டைத் தாங்கும், சற்று நேரம் மட்டும் என்றால் அதற்கு மேலும் தாங்கும். கம்பி சுற்றிய மின்தடைகள் தாமே காயிலாகச் செயல்படும் என்பதால் அவை இதற்கு உதவா. டம்மி லோடில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1 காட்டினால், மீட்டரையும் குறுங்கேபிள்களையும் நம்பலாம்.

அடுத்து நானோ விஎன்ஏ போன்ற பகுப்பாய்வுக் கருவி. ட்யூனரின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும் இந்தக் கருவியை முதலில் வாங்கிவிட்டு, ட்யூனர் வேண்டுமா என்பதைப் பிறகு முடிவு செய்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று முனைகளாலும் கருவியைச் சரிசெய்துகொண்டு, ஆன்டெனாவின் மின்தடைப் பகுதியையும் மின்மறுப்புப் பகுதியையும் (காயில், கண்டென்சர் தன்மையால் வருவது) தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும், எஸ்.டபிள்யூ.ஆர். என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. ஏணி ஏறி ஊட்டுமுனையிலேயே அளப்பது நல்லது. அது முடியாதபோது, மின்னியல் நீளத்தில் அரை அலைநீளமுள்ள கேபிள் தன் மறுமுனையின் இம்பிடன்ஸை அப்படியே இந்த முனையில் காட்டும் என்ற பண்பைப் பயன்படுத்தலாம்: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு, 0.66 திசைவேகக் காரணியுள்ள (அலை ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு வேகத்தில் செல்லும்) கேபிளில் அது 13.9 மீட்டர். கம்பியைக் கருவியோடு இணைப்பதற்கு முன் ஒரு முறை தரையோடு தொட்டு நிலைமின்னைக் கழித்துவிட வேண்டும். கோடையின் வறண்ட காற்றில் நீண்ட கம்பியில் சேரும் மின்னூட்டம் இத்தகைய சிறு கருவிகளின் உள்ளீட்டைக் கெடுக்கப் போதுமானது.

இரண்டாம் படி: ஆன்டெனாவைச் சரிசெய்தல்

அரை அலை டைபோலின் மொத்த நீளம், மீட்டரில், 143 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைப்பது. இந்தியாவில் 40 மீட்டர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை என்பதால் நடுவான 7.1 ஐ எடுத்துக்கொண்டால் 20.1 மீட்டர், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மீட்டர். முதலில் சற்று நீளமாகவே கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். எந்த அலைவெண்ணில் மிகக் குறைவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருக்கும் நீளத்தை அந்த அலைவெண்ணால் பெருக்கி, வேண்டிய அலைவெண்ணால் வகுத்தால் புதிய நீளம் வந்துவிடும். 20.7 மீட்டர் கம்பி 6.9 இல் நின்றால், 7.1 க்கு 20.1 மீட்டர் வேண்டும். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டுவதைவிட, முனையை மடித்துத் தன்மீதே சுற்றிவிடுவது மேல். மழைக்காலம் முடிந்ததும் அந்த 30 சென்டிமீட்டரில் கொஞ்சம் திரும்பத் தேவைப்படலாம்.

உயரமும் இதில் பங்கு வகிக்கிறது. திறந்த வெளியில் டைபோலின் இம்பிடன்ஸ் 73 ஓம். தரைக்கு மிக அருகே வந்தால் அது வெகுவாகக் குறையும். இரு கைகளையும் கீழ்நோக்கிச் சாய்த்துத் தலைகீழ் ‘வி’ வடிவில் கட்டினால் 50 ஓமை ஒட்டி வந்துவிடும். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் சவுக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. நேரான சவுக்குக் கழி ஒன்றை நடுவில் நட்டு, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் தென்னையில் கட்டினால் இந்த வடிவம் எளிதாக அமைந்துவிடும். கயிற்றை கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் வாங்கலாம். கடல் வேலைக்கென்றே செய்த கயிறு சாதாரணத் துணிக்கொடிக் கயிற்றைவிட வெயிலுக்கு நெடுநாள் நிற்கும். கம்பியோ கழியோ எந்தத் திசையில் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொட முடியாத தொலைவில் இருக்க வேண்டும் என்பதில் சிறிதளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு 40 மீட்டர் அலைவரிசை முழுவதிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 2 க்குள் அடங்கிவிட்டால், அந்த அலைவரிசைக்கு ட்யூனர் தேவையில்லை. இதே டைபோல் 21 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை அலைநீளமாகி மறுபடியும் தாழ்ந்த இம்பிடன்ஸைக் காட்டும் என்பதால், அங்கும் டிரான்ஸீவருக்குள் இருக்கும் ட்யூனரே போதும். உள்ளமைந்த ட்யூனர்கள் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரைக்குமே ஏற்றவை; ஐகாம் ஐசி-7300 போன்ற டிரான்ஸீவரில் அந்த வரம்பு 16.7 முதல் 150 ஓம் வரை. 14 மெகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால், பக்கத்துக்கு 5 மீட்டராக இன்னொரு சோடிக் கம்பியை அதே ஊட்டுமுனையில் கட்டித் தொங்கவிடுவது, மேலே கண்ட 11 டெசிபல் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட மலிவானது.

மூன்றாம் படி: பொருத்தம் எங்கே நிகழ வேண்டும்

ஒரே கம்பியில் பல அலைவரிசைகள் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு முன்னால் இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ட்யூனரை ஆன்டெனாவின் அடியிலேயே வைப்பது ஒன்று. ட்யூனருக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இழப்பே இல்லாத அளவுக்குச் சிறந்த லைனைப் போடுவது மற்றொன்று.

முதல் வழிக்கு ஐகாம் ஏஎச்-4 போன்ற தானியங்கித் தொலை ட்யூனர்கள் உள்ளன. அவை நீர் புகாத பெட்டியில் கம்பியின் அடியிலேயே இருக்கும். அங்கிருந்து அறைவரை வரும் கோஆக்ஸ் எப்போதும் 50 ஓமையே காணும். ஆனால் ஒற்றைக் கம்பிக்கு எதிர்ப்பக்கமாக ஒரு தரையமைப்பு வேண்டும். பூமியில் அடித்த ஒரு கம்பி மின்னலுக்குப் பயன்படலாமே தவிர, வானொலி அலைக்கு அது நல்ல தரையாகாது. தேவனாம்பட்டினம் பக்கத்து உலர்ந்த மணலிலும், கேப்பர் மலைச் செம்மண்ணிலும் அது இன்னும் மோசம். மண்ணின் மேலேயே நாலைந்து காப்பிட்ட கம்பிகளை விரித்துவிடுவதே பலன் தரும். உப்பனாற்றங்கரை போன்ற உவர்நீர் ஈரம் உள்ள இடங்களில் நிற்கும் செங்குத்து ஆன்டெனா அடிவானத்தை ஒட்டிய திசைகளில் வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்யும். காரணம், கடல்நீரின் மின்கடத்துதிறன் சாதாரண மண்ணைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.

இரண்டாவது வழியான திறந்த இணைகம்பி லைன் இன்றைக்கு மறக்கப்பட்டு வருவது வருத்தத்துக்குரியது, ஏனெனில் அதைவிட மலிவான, அதைவிடச் சிறந்த லைன் எதுவும் இல்லை. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் 16 கேஜ் எனாமல் செப்புக் கம்பியை இரண்டு இழைகளாக, 12 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடவிட்டால் 600 ஓம் லைன் ஒன்று உருவாகிவிடும். அரை மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய பிவிசி குழாய்த் துண்டுகளை இடைக்கட்டையாக வைக்கலாம். துண்டின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டுக் கம்பியை உள்ளே நுழைத்து, இருபுறமும் மெல்லிய கம்பியால் கட்டிவிட்டால் அது நகராது. இந்த லைனில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 ஆக இருந்தாலும் 30 மீட்டரில் இழப்பு அரை டெசிபலைக் கூட எட்டாது. சுவரிலிருந்தும் இரும்புக் கிராதியிலிருந்தும் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும் என்பதும், மழையில் நனைந்தால் ட்யூனரைச் சற்றுத் திருப்ப வேண்டியிருக்கும் என்பதுமே இதன் குறைகள்.

நான்காம் படி: ‘எல்’ வடிவப் பொருத்தச் சுற்று ஒன்றைக் கணக்கிட்டுக் கட்டுதல்

ட்யூனருக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, ஒற்றை அலைவரிசைக்கான ‘எல்’ சுற்று ஒன்றைத் தாமே கட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. 20 மீட்டர் கம்பியை நடுவில் அல்லாமல் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 6.7 மீட்டருக்கும் 13.4 மீட்டருக்கும் இடையே ஊட்டினால் ஊட்டுமுனை ஏறத்தாழ 200 ஓம் காட்டும். இதை 50 ஓமாக்க வேண்டும்.

பெரிய மின்தடையைச் சிறிய மின்தடையால் வகுக்க 4 வருகிறது. அதிலிருந்து 1 ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.73. இந்த எண்ணே சுற்றின் கியூ மதிப்பு. தொடரில் வைக்கும் காயிலின் மின்மறுப்பு 50 ஐ 1.73 ஆல் பெருக்கிய 86.6 ஓம், இணையில் வைக்கும் கண்டென்சரின் மின்மறுப்பு 200 ஐ 1.73 ஆல் வகுத்த 115.5 ஓம். 7.1 மெகாஹெர்ட்ஸில் இவை முறையே 1.94 மைக்ரோஹென்றியும் 194 பைக்கோஃபாரடும் ஆகும். கண்டென்சர் உயர்ந்த இம்பிடன்ஸ் பக்கத்தில், அதாவது ஆன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். காயில் அதிலிருந்து டிரான்ஸீவர் பக்கமாகச் செல்ல வேண்டும். ஆன்டெனா 50 ஓமுக்குக் கீழே இருந்தால் சுற்றைத் திருப்பிப்போட வேண்டும், அப்போது கண்டென்சர் டிரான்ஸீவர் பக்கம் வந்துவிடும். சந்தையில் கிடைக்கும் ‘எல்’ வகைத் தானியங்கி ட்யூனர்களுக்குள் ரிலே ஒன்று இந்தத் திருப்பலைத்தான் செய்கிறது. ட்யூன் பொத்தானை அழுத்தியதும் கேட்கும் படபடவென்ற ஓசை, காயில்களையும் கண்டென்சர்களையும் வெவ்வேறு சேர்க்கைகளில் போட்டுப் பார்க்கும் ரிலேக்களின் ஓசை.

காயிலுக்கு 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். அதே 16 கேஜ் கம்பியை 7 சுற்றுகள், 25 மில்லிமீட்டர் நீளத்துக்குள் பரவலாகச் சுற்றினால் 1.9 மைக்ரோஹென்றி கிடைக்கும். சுற்றுகளை விரல் நகத்தால் நெருக்கினால் மதிப்பு ஏறும், விலக்கினால் இறங்கும். கண்டென்சருக்குப் பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சர் (தகடுகளைத் திருப்பி மதிப்பை மாற்றும் கண்டென்சர்) கிடைத்தால் நல்லது. சென்னை ரிச்சி தெருவிலோ, உள்ளூரில் பழைய ரேடியோ பழுது பார்த்தவர்களின் பரணிலோ தேடலாம். 200 ஓமில் 100 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 200 வோல்ட். சுத்தமான கேங் கண்டென்சர் அதைத் தாங்கும். 3000 ஓமில் அதே 100 வாட் 775 வோல்ட்டை எட்டும். அப்போது நெருங்கிய தகடுகளுக்கிடையே பொறி பறக்கத் தொடங்கும். தகடுகளில் உப்புப் படிந்திருந்தால் அதற்கும் முன்னதாகவே பறக்கும்.

நானோ விஎன்ஏவை இணைத்துக்கொண்டு கண்டென்சரை மெல்லத் திருப்பினால், ஸ்மித் வரைபடத்தில் (இம்பிடன்ஸைக் காட்டும் வட்ட வரைபடம்; அதன் மையமே 50 ஓம்) புள்ளி ஒரு வளைவில் நகர்ந்து மையத்தை நெருங்குவதைக் கண்ணால் காணலாம். இந்த ஒரு காட்சியைப் பார்த்தவருக்கு அதன்பின் எந்த ட்யூனரும் புதிராகத் தோன்றுவதில்லை. இதே வேலையை 4:1 பலூன் (balun, இம்பிடன்ஸை மாற்றும் சிறு மின்மாற்றி) ஒன்று பல அலைவரிசைகளிலும் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அன்றாடப் பயன்பாட்டுக்கு அதுவே வசதி.

ஐந்தாம் படி: ‘டி’ வகை ட்யூனரை இயக்குதல்

கையால் திருப்பும் ட்யூனர்களில் பெரும்பாலானவை இரண்டு கண்டென்சர்களும் நடுவே ஒரு காயிலும் கொண்ட ‘டி’ வகை. எம்எஃப்ஜே-949 இந்த வகையில் பெயர்பெற்றது. அந்த நிறுவனம் 2024 இல் தன் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திவிட்டது என்றாலும், பழைய பெட்டிகள் ஹாம்களுக்கிடையே கைமாறிக்கொண்டேயிருக்கின்றன.

முதலில் இரு கண்டென்சர்களையும் நடுநிலையில் வைத்து, ரிசீவரில் வரும் இரைச்சல் மிக அதிகமாகக் கேட்கும் நிலைக்குக் காயில் சுவிட்சைத் திருப்ப வேண்டும். பிறகு இரு கண்டென்சர்களையும் மாறி மாறித் திருப்பி இரைச்சலை இன்னும் உயர்த்த வேண்டும். இந்த அளவிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒரு வாட் கூடக் காற்றில் போகவில்லை. அடுத்து, அலைவெண் காலியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, 5 முதல் 10 வாட் வரையிலான தொடரலையை அனுப்பி, மீட்டரில் திரும்பும் திறன் குறையும் திசையில் முதலில் ஆன்டெனா பக்கத்துக் குமிழையும், பிறகு டிரான்ஸீவர் பக்கத்துக் குமிழையும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காயில் சுவிட்சை மாற்ற வேண்டியிருந்தால் அலை அனுப்புவதை நிறுத்திவிட்டே மாற்ற வேண்டும். திறன் ஓடும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பினால் அதன் முனைகள் கருகிவிடும்.

‘டி’ வகையில் ஒரே ஆன்டெனாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் 1:1 கிடைக்கும் என்பதே இதன் வசதியும் ஆபத்தும். அவற்றுள் காயில் மிகக் குறைவாகவும் கண்டென்சர்கள் மிக அதிகமாகவும் இருக்கும் நிலையே இழப்புக் குறைந்தது. கண்டென்சர்கள் கிட்டத்தட்ட முழுவதும் திறந்து, காயில் பெரிதாக நிற்கும் நிலையில் மீட்டர் அழகாக 1:1 காட்டிக்கொண்டிருக்க, திறன் காயிலுக்குள்ளேயே வெப்பமாகிக்கொண்டிருக்கும், குறிப்பாக 3.5 மெகாஹெர்ட்ஸில் குட்டையான கம்பியை ஊட்டும்போது இது நிகழும். சில நிமிடங்கள் பேசிவிட்டு, அலை அனுப்புவதை நிறுத்தி, பெட்டியின் மேல்மூடியைத் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. சரியான நிலை கிடைத்ததும் அலைவரிசைவாரியாக மூன்று குமிழ்களின் எண்களையும் ஒரு அட்டையில் எழுதி ட்யூனரின் மேலேயே ஒட்டிவிட வேண்டும். அடுத்த முறை அலைவரிசை மாற்ற சில நொடிகளே ஆகும், பிறருக்கும் இடையூறு குறையும்.

வெளிப்புறச் சடையில் ஓடும் மின்னோட்டம்

மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீரென்று சுடுவதும், கணினி தானாக உறைந்துபோவதும், கேபிளைக் கையில் பிடித்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறுவதும் பொருத்தக் கோளாறு அல்ல. கோஆக்ஸின் வெளிச்சடையின் மேற்புறத்தில் வானொலி மின்னோட்டம் திரும்பி வருவதன் அடையாளங்கள். ட்யூனர் எதுவும் இதைச் சரிசெய்யாது. ஊட்டுமுனையில் 1:1 மின்னோட்டப் பலூன் ஒன்றை வைப்பதே தீர்வு. ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றினால் அதுவே பலூன்.

75 ஓம் கேபிளால் ஒரு பொருத்தம்

முழு அலைநீள வளைய ஆன்டெனா கட்டுபவர்களுக்கு ட்யூனரே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 43 மீட்டர் சுற்றளவுள்ள வளையம் 100 முதல் 120 ஓம் வரை காட்டும். அதற்கும் 50 ஓமுக்கும் இடையே 75 ஓம் கேபிளில் கால் அலைநீளத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் பொருத்தம் முடிந்தது. டிவி கேபிள்காரர்கள் பயன்படுத்தும் ஆர்ஜி-6 கேபிளே இதற்குப் போதும். நுரைக் காப்புள்ள கேபிளில் திசைவேகக் காரணி 0.82 என்றால் துண்டின் நீளம் 8.66 மீட்டர். காரணி உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும் என்பதால் வெட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது.

மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு

புதுச்சேரி நகருக்குள், குறிப்பாகப் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், 20 மீட்டர் நேர்கோட்டுக்கு இடம் தேடுவது வீண். (1954 நவம்பருக்கு முன் இந்த ஊர் ஹாம் உலகில் எஃப்என்8 என்ற அழைப்புக்குறி முன்னொட்டோடு தனி நாடாகவே எண்ணப்பட்டது, அப்போது இங்கிருந்து எழுந்த ஒரு பலவீனமான அலையைக் கூட உலகம் தேடி வந்து கேட்டிருக்கும்.) இவர்களுக்கு ஒரு முனையில் ஊட்டும் கம்பியே ஏற்றது. அரை அலைநீளக் கம்பியை முனையில் ஊட்டினால் ஏறத்தாழ 2500 ஓம் வரும். 49:1 மின்மாற்றி அதை 50 ஓமுக்குக் கொண்டுவரும், ட்யூனர் தேவையில்லை. அதற்கும் இடமில்லையென்றால் 12.5 மீட்டர் போன்ற, 7, 14, 21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் எதிலும் அரை அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ அமையாத நீளத்தை எடுத்துக்கொண்டு, 9:1 மின்மாற்றியும் ட்யூனரும் சேர்த்துப் பயன்படுத்தலாம். இங்கே கேபிள் குட்டையாக இருக்க வேண்டும். ஏனெனில் முன்பு கண்ட கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

இந்தப் பன்னிரண்டரை மீட்டர் கம்பியைச் சுருட்டி ஒரு பையில் வைத்திருப்பது நகரவாசிகளுக்கு மட்டுமன்று, இந்தக் கடற்கரையில் வாழும் எந்த ஹாமுக்கும் கடமை என்றே சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலிலும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலிலும் கண்டதுபோல, பெருங்காற்றில் அளந்து கட்டிய டைபோல் முதலில் விழும். அப்போது நிற்கும் ஏதோ ஒரு தூணில் கிடைத்த உயரத்தில் கட்டிய, எந்தக் கணக்குக்கும் அடங்காத கம்பியை 50 ஓமாக்கிக் காட்டும் பெட்டியாக ட்யூனர் தன் முழு மதிப்பையும் காட்டும். தாழ்வான கம்பி என்று தயங்க வேண்டாம்: பகலில் 7 மெகாஹெர்ட்ஸிலும் இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸிலும் தாழ்வான கம்பி அலையை மேல்நோக்கி அனுப்பி, மாநிலத்துக்குள் இருக்கும் நிலையங்களை நன்றாகவே எட்டும்.

உப்புக்காற்றில் பராமரிப்பு

பிஎல்-259 கனெக்டரை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அதன் உட்புறம் பச்சை பூத்திருக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப்பைச் சுற்றி, கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். இன்சுலேட்டர்களில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இடி முழங்கும்போது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

கேபிளுக்குள் நீர் புகுந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். கெடும் என்றே பலரும் எதிர்பார்க்கிறார்கள், நடப்பதோ நேர்மாறானது. கேபிளின் இழப்பு கூடக்கூட அறையில் தெரியும் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கிக்கொண்டே வரும். எனவே ஒன்றும் செய்யாமலேயே ஆன்டெனா ‘முன்னேறியிருக்கிறது’ என்று தோன்றினால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சோதனை எளியது: மாடி முனையைக் கழற்றித் திறந்துவிட்டு, அறை முனையில் நானோ விஎன்ஏவால் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பிய அலை போய்த் திரும்புகையில் எவ்வளவு தேய்ந்தது என்ற) அளவைப் பார்த்து, அதைப் பாதியாக்கினால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 டெசிபல் காட்டும், அதாவது ஒருவழியில் 1.6. அந்த ரிட்டர்ன் லாஸ் 6 டெசிபலாகியிருந்தால் பாதித் திறன் கேபிளிலேயே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கேபிளை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும், முடிந்தால் இம்முறை தடித்த, இழப்புக் குறைந்த ஆர்ஜி-213. புதுக் கேபிள் போட்டதும் ட்யூனரின் மேல் ஒட்டிய அட்டை எண்கள் அனைத்தும் மாறிவிடும் என்பதால், ஐந்தாம் படியை மீண்டும் ஒரு முறை 5 வாட்டிலிருந்து செய்து புதிய அட்டை எழுத வேண்டும்.